புளித்தண்ணீரில் நாற்பது கூடுகள்

வாருங்கள் தம்பி, இப்படி உட்காருங்கள். படியில் தடுக்கியதா? எல்லோருக்கும் தடுக்கும். மூன்றாவது படி ஒரு பக்கமாகத் தேய்ந்து சரிந்து கிடக்கிறது. பெரிய டாக்டர் காலத்திலிருந்தே அப்படித்தான். பல் வலியோடு வருகிறவன் கால் வலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று யாரோ நேர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

கன்னம் வீங்கியிருக்கிறது. பேசாதீர்கள். பேசினால் காற்றுப் பட்டுச் சுரீர் என்று இழுக்கும். நான் பேசுகிறேன், நீங்கள் கேளுங்கள். உள்ளே ஒருவனுக்கு நாலு பல் பிடுங்குகிறார்கள். இப்போதைக்கு முடியாது.

எனக்குப் பல்லில் ஒன்றுமில்லை. எழுபத்தைந்து வயதில் கரும்பு கடிப்பேன். நான் உள்ளே இருக்கிறவனோடு கூட வந்தேன். அவன் பெயர் சவரிமுத்து. எனக்கு மூன்று வயது மூத்தவன். எங்கள் வீதியிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறான். அவனும் நானும் பேசி முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பேசாவிட்டால் கூட வரக்கூடாதா? அவனுக்குச் சர்க்கரை இருக்கிறது. பஸ்ஸில் நின்றால் கால் நடுங்கும். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் ஓசூரில் இருக்கிறாள். வேறு யார் வருவார்கள்? அவன் வீட்டுக் கதவில் நீலத் துண்டு தொங்கினால் டாக்டரிடம் போகவேண்டும் என்று அர்த்தம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்பேன். அவன் வருவான். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவனுக்கு. டிக்கெட் போகும்போது நான், வரும்போது அவன். ஒரு வார்த்தை கிடையாது. ஒழுங்கான பகை என்றால் இப்படித்தான் இருக்கும்.

ஆனால் இன்றைக்கு எனக்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். நாளைக் காலை மகள் கார் கொண்டு வருகிறாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓசூருக்கே போகிறான். இனித் திரும்பி வரமாட்டான். அவன் வாயிலிருந்து ஒரு வாக்கியம் எனக்கு வரவேண்டியிருக்கிறது. முப்பத்தெட்டு வருஷமாக அதற்குத்தான் காத்திருக்கிறேன். "பொட்டு வெச்சது என்னோட தப்பு." அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் நான் பேசுவேன். அவன் சொல்லாமல் நான் முதலில் வாயைத் திறந்தால் நான் தோற்றேன்.

சட்டைப் பையில் சாட்சி வைத்திருக்கிறேன். இதோ பாருங்கள். தகடு மாதிரி இருக்கிறதே, இது என்ன தெரிகிறதா? துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூடு. சுத்தியலால் அடித்துச் சப்பையாக்கியிருக்கிறான். என் கண்ணெதிரே. ஒன்றல்ல, முப்பத்தெட்டை. வருஷத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு இன்றோடு சரியாகிவிடுகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். பொள்ளாச்சிக்கு வெளியே ஒரு ரைபிள் கிளப் இருந்தது. லைசென்ஸ் உள்ள கிளப். எஸ்டேட்காரர்கள், மில்காரர்கள், வக்கீல்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்து காகிதத்தைச் சுட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அங்கே தோட்டா தயார் செய்கிற அறையில் நாங்கள் இரண்டு பேர். கூடு என் பொறுப்பு, உள்ளே போடுகிற வெடிமருந்து அவன் பொறுப்பு.

எனக்கு ஏன் கூடு? எங்கள் அப்பா பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அவரோடு ஊர் ஊராய்ப் போனவன். பித்தளையைத் தட்டினால் சத்தத்திலேயே வயசு சொல்வேன். அவனுக்கு ஏன் மருந்து? அவன் மாமனார் வீட்டில் யாரோ நகை வேலை பார்த்தார்களாம். அங்கேயிருந்து ஒரு சின்னத் தராசு கொண்டுவந்திருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். அதன் முன்னால் உட்கார்ந்தால் மூச்சு விடமாட்டான். நான் தும்மினால் முறைப்பான். ஐந்தாம் வகுப்புப் படித்தவன் என்ற திமிர் வேறு.

சுட்டு முடித்த கூட்டைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது தம்பி. மருந்து வெடிக்கும்போது பித்தளை விரியும், பிறகு கொஞ்சம் சுருங்கும். அதை மறுபடி அச்சுக்குள் விட்டுப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரவேண்டும். அடியில் இருக்கிற பழைய தொப்பியை, அதுதான் அடிபட்டதும் மருந்துக்குத் தீ வைப்பது, அதை ஊசியால் தட்டி எடுக்கவேண்டும். கழுத்து நீண்டிருந்தால் சீவவேண்டும். வாயோரம் பிசிறு இருந்தால் வழிக்கவேண்டும். பிறகு வளைந்த கம்பியை உள்ளே விட்டு அடிப்பக்கம் தடவிப் பார்க்கவேண்டும். உள்ளே பள்ளமாக வளையம் தட்டினால் அந்தக் கூடு ஓய்வு பெற்றுவிட்டது என்று அர்த்தம். இதெல்லாம் முடிந்தால்தான் புதுத் தொப்பி, மருந்து, மேலே குண்டு.

பெரிய டாக்டர் நஞ்சப்பனிடம் ஒரு வெளிநாட்டு ரைபிள் இருந்தது. இந்த ஆஸ்பத்திரியைக் கட்டினவர் அவர்தான், இப்போது உள்ளே இருக்கிற டாக்டரம்மாவின் அப்பா. கை கல்லு மாதிரி நிற்கும். நாள் முழுக்க அடுத்தவன் வாய்க்குள் ஊசி பிடிக்கிறவர் அல்லவா. அந்த ரைபிளுக்குக் கூடு கடையில் கிடைக்காது. ஒரு ராணுவ அதிகாரி மாற்றலாகிப் போகும்போது அறுபது கூடு கொடுத்துவிட்டுப் போனார். உலகத்தில் எங்களுக்கு இருந்தது அந்த அறுபதுதான். அதையே சுட்டு, கழுவி, நிரப்பி, மறுபடி சுட்டு, பெற்ற பிள்ளைகளைப் போல வைத்திருந்தேன்.

அந்த வருஷம் திருச்சியில் மாநிலப் போட்டி. ஆயுத பூசை முடிந்து பத்தாம் நாள். நாற்பது சுடவேண்டும். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் டில்லிக்குப் போகலாம். டாக்டருக்கு அப்போது வயது ஐம்பது. "ஆறுக்குட்டி, இந்தத் தடவ விட்டா அப்புறம் கண்ணாடி போட்டுட்டுப் பேப்பர் படிக்கத்தான் லாயக்கு" என்று என்னிடம் சொன்னார். ஆறுக்குட்டி நான்தான்.

புது டப்பா மருந்து வந்தது. புது டப்பா என்றால் பழைய அளவு செல்லாது. எந்த அளவில் இந்தத் துப்பாக்கி குணமாகச் சுடும் என்று முதலிலிருந்து பார்க்கவேண்டும். குறைச்சலில் ஆரம்பித்து, ஒரு இம்மி ஒரு இம்மியாகக் கூட்டி, அளவுக்கு ஐந்து தோட்டா. சவரி நிறுத்துக் கொடுப்பான். எது எந்த அளவு என்று மாறிவிடக் கூடாது பாருங்கள். எழுதி ஒட்டினால் எண்ணெய்க் கையில் அழிந்துவிடும், எழுத்தும் எங்கள் இருவருக்கும் தகராறு. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கூட்டின் அடியில் பொட்டு. முதல் அளவுக்கு மஞ்சள், அடுத்ததுக்குச் சிவப்பு, பிறகு நீலம், பிறகு சுண்ணாம்பு வெள்ளை, கடைசிக்கு மைக் கறுப்பு. என் யோசனை. அவன் தன் யோசனை என்பான். நம்பாதீர்கள்.

டாக்டர் படுத்துக்கொண்டு சுட்டார். ஐந்து சுட்டதும் குழல் ஆறவிட்டு, நாங்கள் நடந்துபோய்க் காகிதத்தைப் பார்ப்போம். மஞ்சள், கோழி கிளறின மாதிரி. எங்கே பார்த்தாலும் ஓட்டை. சிவப்பு, தேங்காய் மூடியால் மூடலாம். நீலம் வந்தது பாருங்கள்! ஐந்து ஓட்டையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சவரி பையிலிருந்து எட்டணாவை எடுத்து மேலே வைத்தான். மூடிவிட்டது.

"ஆறு, இதுதாண்டா!" என்றான்.

"கூடு யாரு சீவுனது?" என்றேன்.

"மருந்து யாரு நிறுத்தது?" என்றான்.

அப்போதெல்லாம் பேசிக்கொள்வோம். நான் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

வெள்ளையில் மறுபடி எலுமிச்சம்பழ அளவுக்கு விரிந்துவிட்டது. கறுப்பில் இரண்டாவது சுட்டதும் துப்பாக்கியின் தாழ் இறுகிக்கொண்டது. டாக்டர் உள்ளங்கையால் தட்டித்தான் திறந்தார். சவரி கூட்டை எடுத்து அடியைப் பார்த்தான், தொப்பி சப்பையாகிக் கிடந்தது, மருந்து மிஞ்சிவிட்டதாம். உடனே மிச்சம் மூன்றையும் பிடுங்கிக்கொண்டான். "போதுங்க டாக்டரே, மேல போக வேண்டாம்" என்றான். மூன்றுதான், சுட்டுப் பார்த்துவிடலாமே என்றேன் நான். கேட்கவில்லை. அவன் சுபாவமே அப்படித்தான். எதையும் ரசிக்கத் தெரியாது.

சரி, நீலம் என்று முடிவாயிற்று. கிளப்பில் ஒரு சட்டமும் உண்டு, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். சுடுகிற இடத்தில் யார் ஆபத்தைக் கண்டாலும் சத்தம் போட்டுச் சொல்லவேண்டும். பெரியவன் சின்னவன், சண்டைக்காரன் சம்பந்தி எதுவும் கிடையாது. "உஷார்!", "குழல் சூடு!", "டப்பா தொறந்திருக்கு!" இப்படி. எச்சரிக்கை பேச்சில் சேராது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூசை வந்தது. இருபது கூட்டில் நீல அளவு நிரப்பித் தயாராக வைத்தாயிற்று. மீதி நாற்பது என்னிடம். பூசை நாளில் எல்லாம் பளிச்சென்று இருக்கவேண்டும் அல்லவா? காலையில் ஒரு பெரிய மண்சட்டியில் புளியைக் கரைத்து, கைப்பிடி உப்புப் போட்டு, நாற்பதையும் உள்ளே விட்டேன். எங்கள் அப்பா குத்துவிளக்குக்குச் செய்கிற பக்குவம். கொஞ்ச நேரம் ஊறவிட்டு எடுத்துத் தேய்த்தால் தங்கம் தோற்கும். ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் பொரி, கடலை, பூசணிக்காய் வாங்கச் சந்தைக்குப் போனேன்.

பூசணிக்காய்க் கடையில் கூட்டம். திரும்பி வந்து பார்க்கிறேன், இந்தச் சவரிமுத்து பூசையை ஆரம்பித்துவிட்டான்! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன், ஆயுத பூசை என்றால் எங்களுக்கு முந்திக் குளித்துவிட்டு நிற்பான். ரைபிளுக்குச் சந்தனப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, அச்சுக்குப் பொட்டு, சுத்தியலுக்குப் பொட்டு. என் சட்டிக்கும் பொட்டு! மூடிபோட்டு, மேலே ஒரு மாவிலையும் வைத்திருந்தான். ஏதோ தீர்த்தம் என்று நினைத்தானாம். அதற்குள் கிளப் செகரட்டரி கற்பூரமே காட்டிவிட்டார்.

பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூசை போட்டு எடுக்கும்வரை தொடக்கூடாது. தொட்டால் அந்த வருஷம் தொழில் விளங்காது. சட்டியில் பொட்டு வைத்தாயிற்று, என்ன செய்வேன் சொல்லுங்கள்? உள்ளே கூடு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்தான். சொல்லவில்லை. எல்லோரும் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கும்போது எப்படிச் சொல்வது? தவிர, ஊறட்டுமே, கூடக் கொஞ்சம் பளபளக்கும் என்றும் தோன்றியது. அது வேறு விஷயம். பொட்டு வைத்தது யார், அதுதான் கேள்வி.

மறுநாள் செகரட்டரி விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு சாவகாசமாக வந்தார். பூசை முடியும்போது உச்சிவேளை. ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். தம்பி, அந்த நிறத்தை நான் எப்படிச் சொல்வேன்! பித்தளை மஞ்சளே இல்லை. இளஞ்சிவப்பு. கல்யாணப் பெண் கன்னம் மாதிரி. நாற்பதும் நாற்பது பெண்கள் மாதிரி நின்றன. ஒரு கூடு அந்த நிறத்தில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "அண்ணா, வந்து பாருங்க!" என்று கூப்பிட்டேன். என் வாயால், நானே கூப்பிட்டேன்.

வந்தான். ஒன்றை எடுத்தான். முகம் மாறிவிட்டது.

"எப்பருந்து ஊறுது?"

"நேத்துக் காலைல இருந்து."

"அடப் பாவி."

நகத்தால் சுரண்டினான். கம்பியை உள்ளே விட்டுத் தடவினான். பிறகு குறட்டை எடுத்துக் கழுத்தை ஓர் அழுத்து அழுத்தினான். அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. குறட்டால் அழுத்தினால் எதுதான் உடையாது தம்பி? என் விரலைக்கூட அழுத்திப் பாருங்கள், உடையும்.

"பித்தளையில இருக்கற சத்தெல்லாம் புளி தின்னுடுச்சு. இதுல ஒண்ணக்கூட டாக்டரு கையில குடுக்கக் கூடாது" என்றான்.

"நிறம்தானே மாறிருக்கு? புளி பித்தளைய ஒண்ணும் பண்ணாது. எங்கப்பன் தொழிலு எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"உங்கப்பன் தேய்ச்சது கொடம். கொடத்துக்குள்ள தண்ணிதான் இருக்கும்."

அப்பாவை இழுத்துவிட்டான் பாருங்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. "தைரியம் இருந்தா சுட்டுப் பாத்துட்டுச் சொல்லு" என்றேன்.

சரி என்றான். ஒரு கூட்டில் அதே நீல அளவை நிரப்பினான். பழைய ரைபிள் ஒன்றைப் பரிசோதனைக்கு என்று கிளப்பில் வைத்திருந்தார்கள், அதே குழல் அளவு. அதை இரண்டு லாரி டயருக்கு நடுவில் கட்டினான். சுடுகிறவன் முகம் இருக்கிற இடத்தில் ஒரு கோணிச் சாக்கை மடித்துத் தொங்கவிட்டான். விசையில் கயிறு கட்டி, எல்லோரையும் மண்மேட்டுக்குப் பின்னால் வரச் சொன்னான். டாக்டரும் இருந்தார். "உஷார்!" என்று கத்திவிட்டு இழுத்தான்.

சத்தம் வேறு மாதிரி வந்தது. பின்பக்கமாகப் புகை. போய்ப் பார்த்தால் கூட்டின் அடிப்பாகம் தனியே அறுந்து போயிருந்தது. சாக்கில், வலது கண் இருக்கிற உயரத்தில், கையை விடுகிற அளவுக்குக் கிழிசல்.

ஒன்று தம்பி. நாற்பதில் ஒன்று. அதுவும் கிழிந்தது சாக்குத்தான். அதற்குப் போய் டாக்டர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் விடவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம், பேசும்போது பேசும்போது வலது கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். சாகிறவரைக்கும் விடவில்லை. பெரிய மனிதர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு கைப்பழக்கம் இருக்கும்.

குறட்டில் ஒன்று, டயரில் ஒன்று போயிற்று. மிச்சம் முப்பத்தெட்டு. சவரி என்ன செய்தான் தெரியுமா? சுத்தியலை எடுத்துக்கொண்டு கல்லின்மேல் ஒவ்வொன்றாக வைத்து அடித்தான். டங், டங் என்று. "அடிக்காதீங்கண்ணா, அடுக்கி வெச்சு அழகாவது பாத்துக்கறேன்" என்றுகூடக் கெஞ்சினேன். "இருந்தா என்னைக்காவது யாராவது நிரப்பிடுவாங்க" என்றான். யாராவது என்றால் யார்? என்னைத்தானே சொன்னான்? அன்று வாயை மூடியவன்தான் நான். நீ சட்டிக்குப் பொட்டு வைத்ததால்தானே இத்தனையும், அதை ஒப்புக்கொள், பிறகு பேசுகிறேன் என்று கிளப் நாயிடம் சொன்னேன். கர்னல் என்று பெயர் அந்த நாய்க்கு. அவனும் கர்னலிடமே பதில் சொன்னான். "புளியக் கரைச்சவன் மொதல்ல ஒத்துக்கட்டும், கர்னல்." அது வாலை ஆட்டியது.

இப்போது பாருங்கள் நிலைமையை. திருச்சியில் நாற்பது சுடவேண்டும். கையில் இருபது கூடு. டாக்டர் போட்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டம்மா வந்து சொன்னார்கள். எனக்கு மனது கேட்கவில்லை. மறுநாள் கர்னலிடம் போய், "இருவது சுட்டதும் ஒரு மணி நேரம் இடைவேளை இருக்காமே? தொப்பி தட்டி, அச்சுல விட்டு, நிரப்பிக் குடுக்க ஒரு மணி நேரம் போதாதா?" என்றேன். சவரி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமல், "காத்தில்லாத எடமா இருந்தா தராசு நிக்கும், கர்னல்" என்றான்.

போனோம். சுடுகிற கோட்டுக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் மேசை போட அனுமதி கொடுத்தார்கள். அண்ணாந்து பார்த்தால், புளியமரம். சவரியும் அண்ணாந்து பார்த்தான். அவன் வாயோரம் துடித்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று சிரித்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

முதல் இருபது முடிந்தது. டாக்டர் நான்காவது இடம். கூடுகள் சூடாக வந்தன. நான் தொப்பி தட்டுகிறேன், அச்சில் விடுகிறேன், கம்பி போட்டுத் தடவுகிறேன், புதுத் தொப்பி அமுக்கி அவன் பக்கம் நகர்த்துகிறேன். அவன் மெல்லிய துணியால் காற்றுக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு நிறுக்கிறான், கொட்டுகிறான், குண்டு வைக்கிறான். ஒரு கூட்டில் கம்பி இலேசாகத் தட்டிய மாதிரி இருந்தது. நான் நிறுத்தினேன். அவன் கையை நீட்டினான். கொடுத்தேன். அவன் தடவிப் பார்த்துவிட்டு நீலப் பொட்டு வைத்துத் திருப்பித் தந்தான். நல்ல கூடு. ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றி நின்று பார்த்தவர்கள், "என்னங்க இது, ஒரே ஆளுக்கு நாலு கையா?" என்றார்கள். மணி அடிக்கும்போது இருபதாவது தோட்டாவைப் பெட்டியில் வைத்தோம்.

டாக்டர் மூன்றாவது இடம். வெண்கலம். டில்லிக்குப் போனார். நாற்பது கூடும் இருந்திருந்தால் தங்கமே வாங்கியிருப்பார், அது எனக்குத் தெரியும். அவர் திரும்பி வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் இந்த நாற்காலிகளில் உட்காரவைத்து, "உங்க ரெண்டு பேருக்கும் சாகற வரைக்கும் பல்லு என்னோட பொறுப்பு" என்றார். அவர் மகளும் அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிறாள். எனக்குத்தான் உபயோகமில்லை.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அதே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். வேண்டியதைக் கர்னலிடம் சொல்வோம். கர்னல் போனதும் இன்னொரு நாய் வந்தது, அதற்கும் கர்னல் என்றே பெயர் வைத்தோம், பழக்கத்தை மாற்றவேண்டாம் என்று. எனக்கு டைபாய்டு வந்தபோது அவன் பெண்டாட்டி இருபது நாள் கஞ்சி கொடுத்தனுப்பினாள். கஞ்சித் தூக்கின் மூடியில் நீலப் பொட்டு இருக்கும். பொட்டு வைக்க மட்டும் அவனுக்குக் கை சும்மா இருக்காது.

என்ன, மறுபடி புளி போட்டேனா என்று பார்க்கிறீர்களா? இல்லை, இல்லை. புளி நான் அப்புறம் போடவேயில்லை. சோப்புத் தண்ணீர்தான். புளி விலை ஏறிப் போய்விட்டது, அதனால்.

என் வீட்டுக்காரி கேட்கிறாள், "நாளைக்கு அவரு போயிருவாரு. நீங்க அந்தத் தகட்டப் பையில வெச்சுட்டு யாரோட சண்டை போடுவீங்க?" என்று. நல்ல கேள்விதான். அதனால்தான் இன்றைக்கு முடித்துவிடவேண்டும் என்று வந்தேன். வெளியே வந்ததும் இந்தக் கூட்டை அவன் முன்னால் நீட்டப் போகிறேன். பேசமாட்டேன். நீட்டுவேன். அவன் சொல்லியாகவேண்டும்.

இருங்கள், கதவு திறக்கிறது. நர்ஸம்மா, நான்தான் கூட வந்தவன். என்னது? இரண்டு மணி நேரம் வாயைத் திறக்கக்கூடாதா? பஞ்சு வைத்திருக்கிறதா? பேசவே கூடாதா?

கேட்டீர்களா தம்பி? முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்தேன், கடைசி நாளில் பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு வந்து நிற்கிறான். வேண்டுமென்றே செய்கிறான். பல் இன்றைக்குத்தான் பிடுங்கவேண்டுமா?

இருக்கட்டும். நீட்டுகிறேன். இதோ நீட்டிவிட்டேன். பார்க்கிறான். வாங்கிக்கொண்டான். புரட்டுகிறான். சிரிக்கிறானா? பஞ்சு தெரிகிறது. எங்கே போகிறான்? நர்ஸம்மா மேசையில் சாமி படத்துக்கு முன்னால் இருக்கிற குங்குமத்தைத் தொடுகிறான். பாருங்கள், பாருங்கள், என் கூட்டின்மேல் பொட்டு வைக்கிறான்! கொழுப்பைப் பார்த்தீர்களா இந்த வயதில்?

என்ன... என்ன செய்கிறான்? துண்டை எடுத்தான். அழிக்கிறான். நன்றாக அழுத்தித் துடைக்கிறான். துடைத்துவிட்டு என் கையிலேயே வைத்துவிட்டான்.

தம்பி, நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா? வைத்த பொட்டை அவனே அழித்தான். நீங்கள்தான் சாட்சி. கண்ணில் ஏதோ தூசி எனக்கு. இந்த ஆஸ்பத்திரியில் மின்விசிறியைத் துடைக்கவே மாட்டார்கள்.

அவன் பையை எடுத்துக்கொள்கிறேன். மாத்திரை இதில்தான் இருக்கிறது. சரி, நாங்கள் கிளம்புகிறோம். உங்கள் பல்லைக் காட்டிவிட்டுப் பத்திரமாக...

"உஷார், உஷார்! மூணாவது படி! அது சரிஞ்சிருக்குன்னு தெரியாதா, சவரியண்ணா? கையக் குடுங்க. இப்படி. மெதுவா."

தம்பி, அப்படிப் பார்க்காதீர்கள். இது எச்சரிக்கை. பேச்சில் சேராது என்று முன்னாலேயே சொன்னேன் அல்லவா?

"ஓசூர்ல குளிரு ஜாஸ்தியாம்ணா. அந்தப் பச்சைக் கம்பளிய எடுத்து வையுங்க. மாத்திரைய மறக்காதீங்க. கார்ல முன்னால உக்காருங்க, பின்னால உக்காந்தா உங்களுக்குத் தலை சுத்தும்."

இதுவும் எச்சரிக்கைதான்.

"அப்புறம் இன்னொண்ணு. மக வீட்டுல குத்துவெளக்கு இருந்தா, புளியில ரொம்ப நேரம் ஊறப் போட வேண்டாம்னு சொல்லுங்க. பித்தளையில இருக்கற சத்தெல்லாம் புளி தின்னுடும்."

இது... இதுவும் எச்சரிக்கைதான் தம்பி. பித்தளை விஷயம், ஆபத்தானது. பேச்சில் சேராது.